வலிக்காத நெஞ்சு

இதய வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டிருக்கிறீர்கள். ஊசி போடுவது, டெம்பரேச்சர் பார்ப்பது, சார்ட் எழுதுவதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்கு இருந்ததைவிட நல்ல கருவிகளும் உங்களிடம் இருக்கின்றன. அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் விஷயத்தில் நான் இரண்டு தப்பு செய்தேன். முதல் தப்பை எங்கள் பெரிய டாக்டர் அன்றைக்கே கண்டுபிடித்தார். இரண்டாவது தப்பு தெரியவர வெகுகாலம் ஆயிற்று.

அவர் பெயர் மாரியப்பன். விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு அர்த்தம். ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்துதான், பட்டாசுக்குள் போவதும் மருந்துதான். பட்டாசு மருந்தை அளந்து, சலித்து, கலக்குவது எல்லாருக்கும் வாய்க்கிற வேலை இல்லை. கை நிதானமும் மன நிதானமும் உள்ளவர்களைத்தான் அந்தக் கலவைக் கொட்டகைக்குள் விடுவார்கள். ஒரு காலத்தில் மழையை நம்பிக் கரிசல் காட்டில் கூலிக்குப் போன குடும்பம் அது. ஊரில் அவரை ‘மருந்துக்காரர்’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அந்த மரியாதை அவருக்கு எவ்வளவு பெரிது என்று எனக்கு அப்போது தெரியாது.

ஐம்பதுகளின் கடைசி அது. நான் சிவகாசியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கேள்வி கேட்டால் பதில் சரியாகச் சொல்ல வேண்டும் என்று வளர்ந்தவள் நான். நர்சிங் பரீட்சையில், மாரடைப்பின் அறிகுறி என்ன என்ற கேள்விக்கு, நெஞ்சின் நடுவில் இறுக்கிப் பிடிக்கிற வலி, இடது கைக்குப் பரவும் என்று எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன்.

மாரியப்பனுக்குச் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் இருப்பது எங்களுக்குத் தெரியும். மாதம் ஒரு தடவை வருவார். மூத்திரத்தைப் பரிசோதனைக் குழாயில் விட்டு, பெனடிக்ட் கரைசல் சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறம் வந்தால் நிறைய இருக்கிறது. அவருக்குப் பெரும்பாலும் ஆரஞ்சு. பிரஷர் எப்போது பார்த்தாலும் நூற்றெண்பதுக்குக் குறையாது.

ஒரு நாள் காலை, மாதக் கணக்குக்கு முன்னாலேயே வந்து நின்றார். கூட அவர் மனைவி பேச்சியம்மாள்.

“என்ன செய்யுது?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல நர்சம்மா. நேத்துச் சாயங்காலத்துல இருந்து ஒரே அசதி. வேர்த்து ஊத்துது. ரெண்டு தரம் ஓங்கரிச்சேன்.”

“நெஞ்சு வலிக்குதா?”

“இல்ல.”

“கை வலி, முதுகு வலி?”

“வலின்னு எதுவும் இல்ல நர்சம்மா. மேலுதான் சரியில்ல.”

பேச்சியம்மாள் குறுக்கே சொன்னார்: “இப்படி அசந்து உக்காந்து நான் பாத்ததே இல்லம்மா. காய்ச்சலோட வேலைக்குப் போற மனுசன்.”

அந்த வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. பிரஷர் பார்த்தேன். நூற்றுப் பத்து. எனக்குச் சந்தோஷமாகப் போயிற்று. “பரவாயில்லையே, மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்க போலிருக்கே” என்று சொன்னேன். மூத்திரம் பரிசோதிக்க வேண்டுமே என்று, கண்ணாடிக் குப்பியைக் கையில் கொடுத்து, முற்றத்தைத் தாண்டி இருந்த கக்கூசுக்கு நடக்க விட்டேன். அவர் போய் வந்தார். ஆரஞ்சுதான். சர்க்கரை இறங்கி வேர்க்கவில்லை என்று தெரிந்தது. அப்படியென்றால் அஜீரணம் என்று முடிவு செய்து, சோடா மிக்சர் ஒரு அவுன்ஸ் கொடுத்து, பெஞ்சில் உட்காரச் சொன்னேன். அவருக்கு முன்னால் பதினைந்து பேர் இருந்தார்கள்.

பெரிய டாக்டர் ஆபரேஷன் முடிந்து அந்த வழியாக வந்தார். அதிகம் பேசாத மனிதர். பெஞ்சைத் தாண்டிப் போனவர் நின்றார். திரும்பி வந்து மாரியப்பன் மணிக்கட்டைப் பிடித்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, “ஸ்ட்ரெச்சர்” என்றார்.

அவரைப் படுக்க வைத்து ஆக்சிஜன் கொடுத்த பிறகு, டாக்டர் என்னைக் கூப்பிட்டார். நான் எழுதிய சீட்டு அவர் கையில் இருந்தது.

“இவருக்குப் போன மாதம் பிரஷர் என்ன?”

“நூற்றெண்பத்தஞ்சு டாக்டர்.”

“அதுக்கு முந்தின மாதம்?”

“நூற்றெண்பது.”

“இன்னிக்கு நூற்றுப் பத்து. நல்ல சேதியா, கெட்ட சேதியா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருஷக்கணக்காக நூற்றெண்பதில் ஓடிய ரத்தம் ஒரே ராத்திரியில் நூற்றுப் பத்துக்கு இறங்கியிருக்கிறது என்றால், அது மாத்திரையின் வேலை இல்லை. ரத்தத்தைத் தள்ளுகிற இருதயம் வேலை செய்யவில்லை.

“வலிக்கலைன்னு சொன்னாரு டாக்டர்.”

“வலிச்சிருக்காது. சர்க்கரை இருதயத்துக்குப் போற ரத்தக்குழாயைக் கெடுக்குது. கூடவே வலியைச் சொல்ற நரம்பையும் மழுக்கிடுது. கொதிப்பு அந்த இருதயத்தை வருஷக்கணக்கா அதிக வேலை வாங்குது. சர்க்கரையும் கொதிப்பும் ஒரே ஆள்கிட்ட இருந்தா, நீ வலியைத் தேடக்கூடாது. ஆளு எப்பவும் இருக்கிற மாதிரி இருக்காரான்னு பாரு. அவர் சம்சாரம் உன்கிட்ட அதைத்தான் சொல்லியிருக்காங்க.”

அதற்குமேல் அவர் திட்டவில்லை. மாரடைப்பு வந்த மனிதரை முற்றம் தாண்டி நடக்க விட்டிருக்கிறேன். அவர் பிழைத்தது என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

அந்தக் காலத்தில் மாரடைப்புக்குப் பெரிய வைத்தியமே படுக்கைதான். ஆறு வாரம் அவரைப் படுக்க வைத்தோம். சர்க்கரை தாறுமாறாக ஏறியது. தினமும் இன்சுலின் என்று ஆயிற்று. மூன்றாவது வாரத்திலிருந்து பிரஷரும் மெல்ல மேலே வந்தது. சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கிற மாத்திரை அப்போது புதிது. அதைக் கொடுத்தோம். உப்பைக் குறைக்கச் சொன்னேன். பேச்சியம்மாள் தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் தூக்குச்சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தார். “உப்பே போடலம்மா, கருவாட்டுல இருக்கிறதுதான்” என்றார். உப்பு என்றால் அவருக்கு அடுக்குப்பானையில் இருக்கிற உப்பு. நான்தான் கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லியிருக்க வேண்டும்.

நடக்க முடிந்ததும் மதுரைக்கு அனுப்பி ஈசிஜி எடுத்து வரச் சொன்னோம். எங்களிடம் மெஷின் இல்லை. இருதயத்தின் அடிப்பக்கத்தில் தழும்பு என்று ரிப்போர்ட் வந்தது. அந்தத் தாளைக் கேஸ் ஷீட்டில் வைத்தேன்.

வீட்டுக்குப் போகும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். பாரம் தூக்கக்கூடாது. தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட அரைமணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். கலவை வேலைக்கு இனிமேல் போகக்கூடாது.

“பேக்கிங்ல போட்டுருங்கன்னு கேட்டுக்கிடுதேன்யா” என்றார் மாரியப்பன்.

அடுத்த சில மாதங்கள் ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். ஊசி போட்டதும், “பேக்கிங் வேலை எப்படி இருக்கு?” என்று கேட்பேன். “பரவாயில்ல நர்சம்மா” என்பார். நான் நம்பினேன். நம்பாமல் இருக்கக் காரணம் ஒன்றும் இல்லை.

தீபாவளி சீசன் வந்தது. ஒரு நாள் காலை வழக்கம்போல ஊசி போட்டு அனுப்பினேன். எட்டு மணிக்கு மேல் பிரசவ வார்டுக்கு ஒரு வேலையாகப் போனால், அங்கே பேச்சியம்மாள் இருந்தார். முந்தின நாளே மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறார்.

“மாப்பிள்ளை இன்னும் வரல. நான் நேத்துல இருந்து இங்கனதான் கெடக்கேன். வீட்டுல உலை வைக்க ஆளில்ல” என்றார். பிறகு அவராகவே கவலையோடு சொன்னார்: “அவரு வெறும் வயித்தோடதான் போயிருப்பாரு. எப்பவும் விடியக்கால ஒரு சொம்பு கஞ்சி குடிச்சிட்டுத்தான் ஒங்ககிட்ட வருவாரு. இன்னிக்குக் கஞ்சிக்கு எங்க போக? கலவை முடிஞ்சு கை கழுவ ஒம்பது, ஒம்பதரை ஆயிரும்.”

“கலவையா? பேக்கிங்னுல்ல சொன்னாரு?”

பேச்சியம்மாள் முகம் மாறிவிட்டது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று புரிந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் கணக்குப் போட்டேன். ஆறு மணிக்கு ஊசி. இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது. வயிற்றில் ஒன்றுமில்லை. இந்நேரம் சர்க்கரை இறங்கிக்கொண்டிருக்கும். கை நடுங்கும், புத்தி மங்கும். அடிபட்ட இருதயம் தாறுமாறாகத் துடிக்கும். அந்தக் கையில் இருப்பது பட்டாசு மருந்து.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்று டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே, “ஜீப்பை எடுத்துக்கிட்டுப் போ. சீனித் தண்ணி கொண்டு போ. ஊசி போட்ட நீயே போ” என்றார்.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். “நர்சம்மா, செருப்பக் கழட்டுங்க. கொண்டை ஊசி, கைக்கடியாரம் எல்லாத்தையும் இங்கன வச்சிருங்க.” அவசரம் என்று நான் வாதாடவில்லை. அது அவருடைய வார்டு. எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலோடு சீனித் தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். போர்மேன் வந்தார்.

“மாரியப்பனைக் கொஞ்சம் வெளியே கூப்பிடுங்க. இன்னிக்கு ஊசியில அளவு தப்பாப் போட்டுட்டேன். அவருக்கு மயக்கம் வரும்” என்றேன்.

பொய்தான். ஜீப்பில் வரும்போதே யோசித்து வைத்திருந்தேன். பழி என்மேல் விழட்டும், அவர் வேலை போகாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

போர்மேன் நடந்து போனார். கவனியுங்கள், ஓடவில்லை. அந்த வளாகத்துக்குள் யாரும் ஓட மாட்டார்கள். தூரத்தில் ஒரு சின்னக் கொட்டகை. அதற்குள் அவர் மெதுவாகக் குனிந்து போவதும், கொஞ்ச நேரம் கழித்து மாரியப்பனின் தோளை அணைத்தபடி வெளியே கூட்டி வருவதும் தெரிந்தது. பின்னால் கூட வேலை பார்க்கிற ஒருவர் வந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“குடிச்சிட்டு வந்துட்டாருன்னு நெனச்சேன். சலிச்ச மருந்தச் சட்டியில போடாமத் தரையில போட்டுக்கிட்டு இருந்தாக. அதக் காலால வேற தள்ளுதாக. ஏன்ணே, ஏன்ணேங்கேன், காதுலயே விழல” என்றார்.

காலால் உரசினால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சீசன் நேரம். பக்கத்துக் கொட்டகைகளில் எல்லாம் ஆட்கள் இருந்தார்கள்.

மாரியப்பனை வேப்பமர நிழலில் உட்கார வைத்தோம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. என்னைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. சீனித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். நாடி குதிரை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. கால்மணி நேரத்தில் கண் தெளிந்தது. “நர்சம்மா, நீங்க எங்க இங்க?” என்றார்.

அதற்குள் சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். போர்மேன் பெருமூச்சு விட்டார். என்னைப் பார்த்துக் கேட்டார்: “சரியாயிட்டாரே. இன்னும் ஒரு சட்டி கலவை பாக்கி இருக்கு. சித்த இருந்துட்டு உள்ள போகட்டுமா?”

என் பொய் அவ்வளவுதான் தாங்கும். அளவு தப்பியது இன்றைக்கு மட்டும் என்றால், நாளைக்கு அவர் கொட்டகைக்குள் போகலாம். போகக்கூடாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். மாரியப்பன் என் முகத்தையே பார்த்தார். சொல்லாதே என்று அந்தப் பார்வை கேட்டது. தப்பாக எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

“போகக்கூடாது” என்றேன்.

“ஏன்?”

“அவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போடுறோம். இருதயமும் அடிபட்டிருக்கு. கலவை வேலைக்கு அவர் லாயக்கில்ல.”

அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். பயத்தில் இருந்தேன். குரலும் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்தது. மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். போர்மேன் நல்ல மனிதர். வேலையை விட்டு அனுப்பவில்லை. வாசலில் தீப்பெட்டி, பீடி இருக்கிறதா என்று ஆட்களைத் தடவிப் பார்த்து உள்ளே விடுகிற வேலைக்கு மாற்றினார்.

நான் செய்தது சரி என்று டாக்டர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் அவரை அந்தக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்ததைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது.

மறுநாள் காலை ஊசிக்கு மாரியப்பன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மகளைக் குழந்தையோடு வீட்டுக்குக் கூட்டிப் போகும்போது பேச்சியம்மாளிடம் கேட்டேன். “ஊருல ஒரு கம்பவுண்டர்ட்ட போட்டுக்கிடுதாரும்மா” என்று கண்ணைப் பார்க்காமல் சொன்னார். எங்கேயோ போட்டுக்கொள்கிறாரே என்று நான் விட்டுவிட்டேன். விஸ்வநத்தம் தூரமில்லை. ஒரு சாயங்காலம் போய்ப் பார்த்திருக்கலாம். கோபம் தணிந்தால் அவரே வருவார் என்று இருந்துவிட்டேன்.

வருஷக்கணக்கில் வரவில்லை. நானும் போகவில்லை. அறுபதுகளின் நடுவில் எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சொந்தமாக ஈசிஜி மெஷின் வந்தது. அது வந்த சில வாரத்தில், ஒரு மத்தியானம் பேச்சியம்மாள் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். இரண்டு காலும் வீங்கியிருந்தன. வாசலிலிருந்து பெஞ்சு வரை வருவதற்குள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினார். பிரஷர் இருநூறைத் தாண்டியது. மாத்திரையை எப்போதோ நிறுத்தியிருந்தார். கம்பவுண்டர் ஊசியும் நினைத்தபோதுதான்.

ஈசிஜி எடுத்தோம். டாக்டர் பழைய கேஸ் ஷீட்டைக் கேட்டார். மதுரைத் தாளையும் புதுத் தாளையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அடிப்பக்கத்துத் தழும்பு இரண்டிலும் இருந்தது. புதுத் தாளில் முன்பக்கத்திலும் ஒன்று இருந்தது. முதல் தழும்பைவிடப் பெரிது.

“நடுவுல இன்னொரு தடவை அடைப்பு வந்திருக்கு” என்றார் டாக்டர். “எப்ப வந்ததுன்னு ஞாபகம் இருக்கா?”

மாரியப்பன் யோசித்தார். “வலியே இல்லையேய்யா.”

பேச்சியம்மாள்தான் சொன்னார். வாசல் வேலைக்கு மாறின அந்த வருஷம் மார்கழியில், ஒரு நாள் முழுக்க எழுந்திருக்காமல் வேர்த்துக் கிடந்திருக்கிறார். “போன தடவ மாரியே இருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போவமான்னு கால்ல விழாத குறையாக் கேட்டேன். அங்க மட்டும் வரமாட்டேன்னுட்டாரும்மா.”

பேச்சியம்மாள் அறிகுறியைச் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். பரீட்சை எழுதின நான் கோட்டை விட்டதை, எழுத்து தெரியாத அவர் முதல் தடவையிலேயே கற்றுக்கொண்டிருக்கிறார். மாரியப்பனுக்கு வரத்தான் மனசில்லை.

அந்தத் தடவை நீரை இறக்கும் ஊசியும், இருதயத்துக்குப் பலம் கொடுக்கிற டிஜிட்டாலிஸ் மாத்திரையும், உப்பில்லாச் சாப்பாடுமாக அவரைத் தேற்றினோம். மறுபடியும் தினசரி ஊசிக்கு வரத் தொடங்கினார். இன்னும் நாலு வருஷம் இருந்தார். வாசல் வேலையைக் கடைசி வரை பார்த்தார். இரண்டாவது அடைப்பை அன்றைக்கே கவனித்திருந்தால் இன்னும் எத்தனை வருஷம் இருந்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. ஒரு நாள் காலை ஊசி போட்டுவிட்டு, அவர் எழுந்து போவதற்கு முன் சொன்னேன்: “அன்னிக்குக் கம்பெனியில அத்தனை பேர் முன்னால நான் சொல்லியிருக்கக் கூடாது. போர்மேனைத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்.”

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

“தனியாச் சொல்லியிருந்தாலும் அந்த வேலை போயிருக்கும் நர்சம்மா” என்றார். “ஆனா நான் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பேன்.”